குற்றவாளி எந்தப் பாடம்? ஆறு பாட ஒட்டுறவு அணியில் ஒரு விசாரணை

பரவற்படி குறை எண்ணாக வராது. சராசரியிலிருந்து ஒவ்வொரு மதிப்பும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டிப் பெறுவது அது. வர்க்கத்துக்குக் குறைக்குறி கிடையாது. ஆனால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் டியூஷன் மையத்தின் எக்செல் கோப்பில், பரவற்படி வர வேண்டிய கட்டத்தில் −0.05 என்று இருந்தது. பக்கத்துக் கட்டம் அதற்கு வர்க்கமூலம் காண முயன்று பிழைக்குறி காட்டி நின்றது. அந்தக் குறை எண் எங்கிருந்து வந்தது, அதற்காக யார் மீது வீணாகப் பழி விழுந்தது, அணிகளின் உள் அணிகளைக் கொண்டு அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதுதான் இந்த ஆய்வு. எண்களைப் பின்தொடர எளிதாக இருக்கட்டும் என்று முழுமைப்படுத்தித் தந்திருக்கிறேன், கதை மாறவில்லை.

கோப்பின் பின்னணி

மையத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் படிவம் 5 மாணவர்கள். மலேசிய இடைநிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-க்கான முன்னோட்டத் தேர்வு முடிந்ததும் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்களை மையத்திலும் பதிந்துகொள்வார்கள். ஆறு நிரல்கள்: மலாய்மொழி, வரலாறு, தமிழ்மொழி, கணிதம், கூடுதல் கணிதம், கணக்கியல். மாணவருக்கு ஒரு நிரை. மலாய்மொழியில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது, 2013 முதல் வரலாற்றுக்கும் அதே விதி. ஆகவே அந்த இரண்டு நிரல்களும் நிரம்பியிருந்தன. கணிதமும் அப்படியே. தமிழ்மொழி விருப்பப் பாடம் என்பதால் அதில் சில வெற்றுக் கட்டங்கள். கடைசி இரண்டு நிரல்களில்தான் பெரிய ஓட்டைகள்: அறிவியல் பிரிவினர் கூடுதல் கணிதம் படிக்கிறார்கள், வணிகப் பிரிவினர் கணக்கியல் படிக்கிறார்கள். இரண்டையும் எடுத்தவர்கள் எட்டே பேர். ஆறு பாடங்களையும் எழுதியவர்கள் ஆறு பேர்.

இந்த ஓட்டைகள் அப்போது யார் கண்ணையும் உறுத்தவில்லை. எக்செலில் ஒட்டுறவுக் கெழு காணும் செயற்கூறு வெற்றுக் கட்டத்தைச் சந்தித்தால் அந்த நிரையைத் தாண்டிச் சென்றுவிடும். மீதியை வைத்து அமைதியாக ஒரு விடையைத் தரும். இரண்டு பாடங்களின் மதிப்பெண்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை −1 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணாகச் சொல்வதே ஒட்டுறவு. ஆறு பாடங்களுக்கு அப்படி 15 இணைகள். அவற்றை 6×6 சதுரமாக அடுக்கி, மூலைவிட்டத்தில் 1-களை இட்டால் ஒட்டுறவு அணி தயார். கணிதம்–கூடுதல் கணிதம் 0.9. கணிதம்–கணக்கியல் 0.9. கூடுதல் கணிதம்–கணக்கியல் 0.5. மற்றவை எல்லாம் 0.3-க்கும் 0.6-க்கும் இடையில். ஒன்றுகூட விபரீதமாகத் தெரியவில்லை.

மையத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு ஓர் ஆசை. கூடுதல் கணிதம், கணக்கியல் இரண்டின் சராசரியிலிருந்து கணித மதிப்பெண்ணைக் கழித்து ஒரு குறியீடு செய்ய வேண்டும். கடினமான பாடங்களில் முன்னேறி, அடிப்படைக் கணிதத்தில் அசிரத்தையாக இருப்பவரை அது காட்டிக்கொடுக்கும். மூன்று பாடங்களின் மதிப்பெண்களையும் தரப்படுத்தியிருந்ததால் (ஒவ்வொன்றின் பரவற்படியும் 1 ஆகும்படி மாற்றியிருந்ததால்), குறியீட்டின் பரவற்படியை ஒட்டுறவு அணியிலிருந்தே எடுக்கலாம். இரண்டு பாடங்களின் சராசரிக்கு (1 + 1 + 2×0.5)/4, அதாவது 0.75. கணிதத்துக்கு 1. கழிக்க வேண்டிய குறுக்கு உறுப்பு 0.9 + 0.9 = 1.8. ஆக 0.75 + 1 − 1.8 = −0.05. கூட்டலில் பிழை இல்லை. எத்தனை முறை போட்டாலும் இதேதான் வரும்.

பழி விழுந்த விதம்

மையத்தில் தன்னார்வலராக உதவும் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அந்த 6×6 அணியைப் பைத்தானில் ஏற்றி, சோலெஸ்கி பிரிப்புக்குக் கொடுத்தார். ஆந்த்ரே-லூயி சோலெஸ்கி பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி; நில அளவைக் கணக்குகளுக்காக இந்த முறையை உருவாக்கியவர். 1918-ல் போரில் இறந்தார்; முறை அச்சில் வந்தது 1924-ல்தான். ஒரு சமச்சீர் அணியை மேலிருந்து கீழாக ஒவ்வொரு நிரையாக எடுத்து, முந்தைய நிரைகளின் பங்கைக் கழித்துவிட்டு, மூலைவிட்டத்தில் மிஞ்சும் எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்துக்கொண்டே போகும் முறை அது. மிஞ்சுவது குறை எண்ணாகிவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ‘அணி பாசிட்டிவ் டெஃபினிட் அல்ல’ என்ற செய்தியோடு ஆறாவது நிரையில் நின்றது. பாடங்களுக்கு எடை கொடுத்து எந்தக் குறியீட்டைச் செய்தாலும் பரவற்படி மிகை எண்ணாகவே வரும் அணிக்குத்தான் அந்தப் பெயர்.

ஆறாவது நிரை கணக்கியல். அதை நீக்கிவிட்டு மீதி 5×5-ஐ ஓட்டினால் சுத்தமாக ஓடியது. அப்புறம் என்ன, கணக்கியல் மதிப்பெண்களில்தான் கோளாறு என்று முடிவாகிவிட்டது. ஆசிரியை மதிப்பெண்களைத் தவறாகப் பதிந்திருப்பார், அல்லது தாராளமாக வழங்கியிருப்பார் என்று பேச்சு எழுந்தது. அவர் கணக்கு நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவர். பதிவேடுகளைக் கொண்டுவந்து வரிவரியாகச் சரிபார்த்தார். ஒரு பிழையும் இல்லை. பிறகுதான் தன்னார்வலரிடம் கேட்டார்:

“தம்பி, என் பாடத்தை முதல் நிரலில் வைத்து ஓட்டிப் பார். அப்போதும் நான்தான் மாட்டுகிறேனா?”

“வரிசையை மாற்றினால் விடை மாறாது டீச்சர். அதே அணிதானே.”

“விடை மாறாது, சரி. எந்த இடத்தில் நிற்கிறது என்பது மாறுமா?”

மாறியது. கணக்கியலை முதலிலும் கணிதத்தைக் கடைசியிலும் வைத்தபோது கணிதத்தில் நின்றது. கூடுதல் கணிதத்தைக் கடைசிக்குத் தள்ளியபோது அங்கே நின்றது. மலாய்மொழியைக் கடைசியில் வைத்தால் அதற்கு முந்தைய நிரையிலேயே நின்றது. மலாய்மொழி வரை போகவே இல்லை. இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை என்றால் கடைசியாக எழுதிய பதிவு தவறு என்று எந்தக் கணக்காளரும் சொல்ல மாட்டார் என்றார் ஆசிரியை. இந்த வழக்கில் சரியான கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான். கோப்பு என்னிடம் வந்தது இந்தக் கட்டத்தில்.

எந்த உள் அணியைப் பார்ப்பது

ஓர் அணியிலிருந்து சில நிரைகளையும் சில நிரல்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிட்டால் மிஞ்சுவது உள் அணி. 6×6 அணிக்கு இப்படி 63×63, அதாவது 3969 உள் அணிகள் உண்டு. அவற்றில் சதுரமானவை 923. ஒரு சதுர உள் அணியின் அணிக்கோவைதான் (அதன் எண்களைப் பெருக்கிக் கூட்டிக் கழித்துப் பெறும் ஒற்றை எண்தான்) பாடப்புத்தகத்தில் வரும் சிற்றணிக்கோவை. படிவம் 5 கணிதத்தில் 2×2 அணியின் நேர்மாறோடு நின்றுவிடுவார்கள், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். கணிதத்தில் 3×3 வரை போவார்கள். அங்கே சிற்றணிக்கோவை என்பது அணிக்கோவையை விரித்தெழுத உதவும் ஓர் இடைக்கணக்காகவே மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது. அதற்கென்று ஒரு சொந்த வாழ்க்கை உண்டு என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

தன்னார்வலர் ஏற்கெனவே ஒரு முயற்சி செய்திருந்தார். மூன்று நிரைகளையும் மூன்று நிரல்களையும் தேர்ந்தெடுக்கும் எல்லா வழிகளையும், 20×20 = 400 உள் அணிகளையும், ஓட்டி அணிக்கோவைகளைப் பட்டியலிட்டிருந்தார். ஏராளமான குறை எண்கள். அணியே உளுத்துப்போய்விட்டது என்று பயந்துவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை. எடுத்துக்காட்டாக, கணிதம், கூடுதல் கணிதம் ஆகிய நிரைகளையும் கூடுதல் கணிதம், கணக்கியல் ஆகிய நிரல்களையும் எடுத்தால்:

0.9   0.9
1     0.5

அணிக்கோவை 0.45 − 0.9 = −0.45. இரண்டு நிரல்களையும் இடம் மாற்றினால் அதுவே +0.45 ஆகிவிடும். இந்தக் குறைக்குறியால் அணிக்கு எந்தக் கேடும் இல்லை.

பொருள் உள்ளவை முதன்மை உள் அணிகள் மட்டுமே: எந்த எண்களில் நிரைகளைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதே எண்களில் நிரல்களையும் தேர்ந்தெடுப்பது. மூலைவிட்டத்தின் 1-கள் அதில் அப்படியே மூலைவிட்டத்தில் நிற்கும். கணிதம், கூடுதல் கணிதம், கணக்கியல் மூன்றுக்கான முதன்மை உள் அணி அந்த மூன்று பாடங்களுக்கான ஒட்டுறவு அணியேதான். மற்ற மூன்று பாடங்களே இல்லாததுபோல. பெரிய அணி ஒழுங்கானது (எந்தக் குறியீட்டுக்கும் குறை எண்ணைப் பரவற்படியாகத் தராதது) என்றால் அதன் ஒவ்வொரு முதன்மை உள் அணியும் ஒழுங்காக இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் மூன்று பாடங்களை மட்டும் வைத்துச் செய்யும் எந்தக் குறியீடும் மற்ற பாடங்களுக்குப் பூஜ்ஜிய எடை கொடுத்த ஆறு பாடக் குறியீடுதானே. 6×6-இல் இவை 63 மட்டுமே: வரிசை ஒன்றில் 6, இரண்டில் 15, மூன்றில் 20, நான்கில் 15, ஐந்தில் 6, ஆறில் 1.

இவற்றின் அணிக்கோவைகளை எல்லாம் காண்பது கணினிக்கு ஒரு நொடி வேலைகூட இல்லை. மிகை எண் வந்தால் தேறியது என்று பொருள். 2×2 பதினைந்தும் தேறின. அது எதிர்பார்த்ததுதான்: அவற்றின் அணிக்கோவை 1-லிருந்து கெழுவின் வர்க்கத்தைக் கழித்தது, கெழு 1-ஐத் தாண்டாதவரை அது குறை எண்ணாகாது. இணை இணையாகக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தென்படாததற்குக் காரணம் இதுவே. 3×3 இருபதில் பத்தொன்பது தேறின. கணிதம், கூடுதல் கணிதம், கணக்கியல் மூன்றுக்குமான ஒன்று தேறவில்லை:

1     0.9   0.9
0.9   1     0.5
0.9   0.5   1

மூன்று பாட ஒட்டுறவு அணிக்கு அணிக்கோவை காண எளிய வழி உண்டு. மூன்று கெழுக்களையும் பெருக்கி இரட்டித்து 1-உடன் கூட்ட வேண்டும்; மூன்றின் வர்க்கங்களையும் கழிக்க வேண்டும். 1 + 2×0.9×0.9×0.5 = 1.81. கழிக்க வேண்டியது 0.81 + 0.81 + 0.25 = 1.87. விடை −0.06.

இந்த மூவரும் சேர்ந்திருக்கும் எந்தப் பெரிய முதன்மை உள் அணியும் தேறவில்லை: நான்கில் மூன்று, ஐந்தில் மூன்று, ஆறில் ஒன்று. இந்த மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் தேறியது. 63-இல் 8 மட்டுமே கெட்டவை. எட்டிலும் இந்த மூவர் கூட்டு. இது தற்செயல் இல்லை. பெரிய அணியின் மிகச் சிறிய ஐகன் மதிப்பு (எடைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வரும் குறியீடுகளில் கிடைக்கும் மிகச் சிறிய பரவற்படி) அதன் எந்த முதன்மை உள் அணியின் மிகச் சிறிய ஐகன் மதிப்பையும் விஞ்சாது என்பது 1829-லேயே கோஷி நிறுவிய இடைப்பின்னல் தேற்றத்தின் ஒரு முனை. மூவர் அணியின் ஐகன் மதிப்புகள் ஏறத்தாழ 2.547, 0.5, −0.047. ஆகவே ஆறு பாட அணியின் மிகச் சிறிய மதிப்பு −0.047 அல்லது அதற்கும் கீழே. தேற்றத்தின் மறுமுனை இன்னும் சுவையானது: கணக்கியலை நீக்கிய 5×5 தேறியிருப்பதால், ஆறு பாட அணியின் இரண்டாவது சிறிய ஐகன் மதிப்பு மிகை எண்ணாகத்தான் இருக்க முடியும். ஆக முழு அணியிலும் நோய் ஒன்றே ஒன்றுதான்.

சோலெஸ்கி ஏன் எப்போதும் மூவரில் கடைசியாக வருபவரிடம் நின்றது என்பதும் இப்போது தெளிவாகும். மேல் இடது மூலையிலிருந்து 1×1, 2×2, 3×3 என்று வளரும் முதன்மை உள் அணிகளின் அணிக்கோவைகளே அந்த முறையின் ஒவ்வொரு படியையும் ஆள்கின்றன. ஒரு படியில் மூலைவிட்டத்தில் மிஞ்சும் எண், அந்தப் படியின் அணிக்கோவையை முந்தைய படியின் அணிக்கோவையால் வகுத்தது. மூவரில் இருவர் மட்டும் உள்ளே இருக்கும்வரை எல்லாம் மிகை எண். மூன்றாமவர் நுழையும்போது குறி மாறுகிறது. மூலை அணிக்கோவைகள் எல்லாம் மிகை எண்களாக இருந்தால் போதும், அணி பாசிட்டிவ் டெஃபினிட் என்பது சில்வெஸ்டர் அளவுகோல். தேறுகிறதா என்ற கேள்விக்கு அது நல்ல சோதனை. யாரால் தேறவில்லை என்று அதனிடம் கேட்கக் கூடாது.

இங்கே ஒரு கிளைக்கதை. கோப்பின் பழைய பிரதி ஒன்றும் இருந்தது. அதில் மலாய்மொழி மதிப்பெண் நிரல் இரண்டு முறை ஒட்டப்பட்டு முதல் இரண்டு இடங்களில் நின்றது. மூலை அணிக்கோவைகள் பூஜ்ஜியமாகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் ‘சரி’ என்று சொல்லும்படி யாரோ எழுதிவைத்த சோதனை அந்தப் பிரதிக்கு ‘சரி’ சொல்லியிருந்தது. இரண்டு நிரைகள் ஒன்றுபோல் இருந்தால் அணிக்கோவை பூஜ்ஜியம். இரண்டாவது படியிலிருந்து எல்லா மூலை அணிக்கோவைகளும் பூஜ்ஜியம்தான். பின்னால் இருந்த கெட்ட மூவரையும் அந்தப் பூஜ்ஜியங்கள் மறைத்துவிட்டன. மிகை எண் என்று கேட்கும்போது மூலை உள் அணிகள் போதும். பூஜ்ஜியத்தையும் அனுமதிக்கும்போது எல்லா முதன்மை உள் அணிகளையும் பார்த்தாக வேண்டும். பாடப்புத்தகங்களில் இது ஓர் அடிக்குறிப்பாகக் கிடக்கும். நடைமுறையில் ஆளைக் கவிழ்ப்பது இதுதான்.

−1.63

அணிக்கோவை குறை எண் என்று ஆசிரியர்களிடம் சொன்னால் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு வேறு ஓர் எண்ணைக் காட்டினேன்.

கணிதத்தின் பங்கைக் கழித்துவிட்டு, கூடுதல் கணிதத்துக்கும் கணக்கியலுக்கும் இடையில் மிஞ்சும் உறவு என்ன என்று கேட்போம். மூவர் அணியைத் துண்டுகளாகப் பார்த்தால் போதும்: கணிதத்துக்கு 1×1 துண்டு, மற்ற இருவருக்கு 2×2 துண்டு, இரண்டையும் இணைக்கும் 0.9, 0.9 என்ற 1×2 துண்டு. 2×2 துண்டிலிருந்து இணைப்புத் துண்டின் பெருக்கலைக் கழித்தால்:

1 − 0.81      0.5 − 0.81
0.5 − 0.81    1 − 0.81

அதாவது மூலைவிட்டத்தில் 0.19, பக்கத்தில் −0.31. இதற்கு ஷூர் நிரப்பி என்று பெயர். ஈசாய் ஷூர் 1917-ல் பயன்படுத்தியதை வைத்து எமிலி ஹெய்ன்ஸ்வொர்த் 1968-ல் இட்ட பெயர். இதன் அணிக்கோவை 0.0361 − 0.0961 = −0.06; முழு மூவர் அணியின் அணிக்கோவையே திரும்பி வருகிறது. இந்தத் துண்டிலிருந்து ஒட்டுறவை எடுத்தால் −0.31/0.19, ஏறத்தாழ −1.63.

ஒட்டுறவு −1-ஐத் தாண்டாது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கணித ஆசிரியர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து வகுத்தலை மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து, “அண்ணே, இந்த மூன்று எண்களும் ஒரே வகுப்பிலிருந்து வந்திருக்க முடியாது” என்றார்.

அதுதான் விடை. கணிதத்தோடு இரண்டு பாடங்களுக்கும் ஒட்டுறவு 0.9 என்றால், அவை இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.81-லிருந்து இரு பக்கமும் 0.19 தூரத்துக்குள் இருந்தாக வேண்டும்: 0.62 முதல் 1 வரை. 0.5-க்கு அங்கே இடம் இல்லை. இரண்டு நெருங்கிய உறவுகள் மூன்றாவதன் கையைக் கட்டிப்போடுகின்றன.

நிரைகள் வேறு வேறு

இப்போது மூல அட்டவணைக்குத் திரும்பலாம். அது மாணவர் நிரைகளும் பாட நிரல்களும் கொண்ட நீண்ட செவ்வக அணி. கணிதம்–கூடுதல் கணிதம் கெழு வந்தது அறிவியல் பிரிவு நிரைகளிலிருந்து. கணிதம்–கணக்கியல் கெழு வந்தது வணிகப் பிரிவு நிரைகளிலிருந்து. மூன்றாவது கெழு வந்தது அந்த எட்டுப் பேரிடமிருந்து. மூன்று கெழுக்கள், செவ்வக அணியின் மூன்று வெவ்வேறு உள் அணிகள். தனித்தனியே ஒவ்வொன்றும் உண்மை. அவற்றை வெட்டி ஒரே சதுரத்தில் ஒட்டியபோது எந்த வகுப்பையும் சேராத ஓர் அணி பிறந்துவிட்டது.

எல்லாக் கெழுக்களும் ஒரே நிரைகளிலிருந்து வந்திருந்தால் இது நடந்திருக்கவே முடியாது. தரப்படுத்திய மதிப்பெண் அட்டவணையை அதன் திருப்பத்தோடு (நிரைகளை நிரல்களாக மாற்றிய வடிவத்தோடு) பெருக்கி, மாணவர் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் கிடைப்பதே ஒட்டுறவு அணி. அதில் எந்தக் குறியீட்டின் பரவற்படியும் ஒரு வர்க்கக் கூட்டலாகவே வந்து நிற்கும். பூஜ்ஜியம் வரலாம், அதற்குக் கீழே போக வழியில்லை.

எட்டுப் பேரின் கெழு ஏன் 0.5-க்கு இறங்கியது? எண்ணிக்கை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, கூடுதல் கணிதத்தையும் கணக்கியலையும் சேர்த்து எடுக்கத் துணிபவர் ஏற்கெனவே கணிதத்தில் தேர்ந்தவர். எட்டுப் பேரும் மேல்தட்டு மதிப்பெண்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். மதிப்பெண்களின் வீச்சு சுருங்கினால் ஒட்டுறவும் சுருங்கும். முழு வகுப்பும் இரண்டையும் எழுதியிருந்தால் 0.5 வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படி ஒரு தேர்வு நடக்கவில்லை.

இது எக்செலுக்கு மட்டும் உரிய குறையல்ல. பைத்தானின் பாண்டாஸ் நூலகமும் கேட்காமலேயே இணைக்கு இணை வேறு நிரைகளை எடுத்துக்கொள்கிறது. ஆர் மொழி குறைந்தபட்சம் நேர்மையானது: வெற்றுக் கட்டம் இருந்தால் விடையே தராது, இணை வாரியாகக் கணக்கிடு என்று நாமே கேட்டால்தான் செய்யும், அப்படிக் கிடைக்கும் அணி கோணலாகலாம் என்று அதன் உதவிக் குறிப்பிலேயே எச்சரிக்கிறது.

பரிசீலித்த தீர்வுகள்

முதல் யோசனை தன்னார்வலருடையது. ஆறு பாடங்களையும் எழுதிய ஆறு பேரை மட்டும் வைத்துக் கணக்கிடலாம். ஆறு பாடத்துக்கு ஆறு பேர் சரியாக இருக்கும் அல்லவா என்றார். இருக்காது. சராசரியைக் கழிக்கும்போதே ஒரு நிரையின் சுதந்திரம் போய்விடுகிறது. ஆறு பேரிலிருந்து வரும் ஒட்டுறவு அணியின் தரம் 5-ஐத் தாண்டாது. தரம் என்பது பூஜ்ஜியமல்லாத மிகப் பெரிய சிற்றணிக்கோவையின் வரிசை; ஆகவே 6×6 அணிக்கோவை தவறாமல் பூஜ்ஜியம். குறை எண் போய்ப் பூஜ்ஜியம் வந்திருக்கும், நேர்மாறு அப்போதும் கிடைக்காது. ஆறு பேரை வைத்து மையம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது வேறு கதை.

இரண்டாவது, பழுதுபார்ப்பு. அணியின் எல்லாக் குறுக்குக் கெழுக்களையும் ஒரே விகிதத்தில் பூஜ்ஜியத்தை நோக்கிச் சுருக்கினால் ஒரு கட்டத்தில் அது ஒழுங்காகிவிடும். மூவர் அணிக்கு மட்டும் என்றால் 5 சதவிகிதம் போதும்: 0.9 இரண்டும் 0.855 ஆகும், 0.5 என்பது 0.475 ஆகும், அணிக்கோவை 0.007 அளவுக்கு மேலே வந்துவிடும். கவனியுங்கள்: தவறான இடத்தில் நின்ற 0.5 இன்னும் கீழே போயிருக்கிறது, சரியாக இருந்த இரண்டு கெழுக்கள் அதற்காக விட்டுக்கொடுத்திருக்கின்றன. இதைவிட நுட்பமான வழி, கொடுத்த அணிக்கு மிக அருகில் உள்ள முறையான ஒட்டுறவு அணியைத் தேடுவது. நிக்கலஸ் ஹையம் 2002-ல் நிதித்துறைக்காக வகுத்த முறை பல மென்பொருள்களில் தயாராகக் கிடைக்கிறது. நிதிச் சந்தையில் ஆயிரம் பங்குகளுக்கு இடையே சில கெழுக்கள் சற்றுப் பிசகியிருந்தால் அதைப் பயன்படுத்த நான் தயங்க மாட்டேன். இங்கே பிசகு எங்கே, ஏன் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வெள்ளையடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவதைத்தான் மையம் ஏற்றது. ஒரே அணி என்ற ஆசையை விட்டுவிட்டு இரண்டு 5×5 அணிகள். அறிவியல் பிரிவுக்குக் கணக்கியல் இல்லாத ஐந்து பாடங்கள். வணிகப் பிரிவுக்குக் கூடுதல் கணிதம் இல்லாத ஐந்து. ஒவ்வொன்றிலும் ஐந்து பாடங்களையும் எழுதியவர்களின் நிரைகள் மட்டும். ஒவ்வொரு அணியின் கீழும் எத்தனை நிரைகளிலிருந்து வந்தது என்று எழுத வேண்டும் என்பது கணக்கியல் ஆசிரியை வைத்த நிபந்தனை. இரண்டு அணிகளும் சோலெஸ்கியில் முதல் ஓட்டத்திலேயே தேறின. ஒருங்கிணைப்பாளரின் குறியீடு கைவிடப்பட்டது. அந்த எட்டுப் பேருக்கும் அதை மதிப்பெண்களிலிருந்து நேரடியாகவே கணக்கிட்டுக்கொள்ளலாம், அதற்கு எந்த அணியும் தேவையில்லை.

ஒருங்கிணைப்பாளருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இரண்டு பிரிவையும் ஒரே பட்டியலில் ஒப்பிட ஒரு 6×6 வேண்டும் என்கிறார். அதற்கும் வழி உண்டு, ஒரு நிபந்தனையோடு. இரண்டு 5×5 அணிகளும் மலாய்மொழி, வரலாறு, தமிழ்மொழி, கணிதம் என்ற 4×4 முதன்மை உள் அணியைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த 4×4 இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால், 6×6-இல் தெரியாத கட்டம் ஒன்றே ஒன்றுதான்: கூடுதல் கணிதம்–கணக்கியல். இப்படிப்பட்ட அமைப்பில், தெரிந்த பகுதிகள் தேறினால் வெற்றுக் கட்டத்தை ஒழுங்காக நிரப்ப எப்போதும் ஓர் எண் இருக்கும் என்று குரோன், ஜான்சன், சா, வோல்கோவிச் நால்வரும் 1984-ல் நிறுவினார்கள். பொதுவாக ஒரு வீச்சே கிடைக்கும். அதில் அணிக்கோவையை மிகப் பெரிதாக்கும் எண் ஒன்று உண்டு. அந்த எண்ணை இட்டால், பொதுவான பாடங்களின் பங்கைக் கழித்த பிறகு அந்த இரண்டு பாடங்களுக்கும் இடையே எந்த உறவும் மிஞ்சாது. மூவர் அணியில் மட்டும் பார்த்தால் அந்த எண் 0.81. எட்டுப் பேர் தந்த 0.5-ஐ அங்கே எழுத வேண்டிய தேவையே வராது.

இப்போது நிற்பது அந்த நிபந்தனைதான். அறிவியல் பிரிவின் 4×4-உம் வணிகப் பிரிவின் 4×4-உம் ஒத்துப்போகவில்லை. மலாய்மொழி–கணிதம் கெழு வணிகப் பிரிவில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடுதல். அது மாணவர் எண்ணிக்கை சிறிதாக இருப்பதால் வந்த சலனமா, கணிதக் கேள்விகளை மலாயில் படித்துப் புரிந்துகொள்வதில் அந்தப் பிரிவினருக்கு உள்ள சிக்கலா என்பதை மலாய்மொழி ஆசிரியை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த முன்னோட்டத் தேர்வின் மதிப்பெண்கள் வந்ததும் இரண்டு 4×4-களையும் மறுபடியும் அருகருகே வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை கோப்பில் அந்த ஒரு கட்டம் காலியாகவே இருக்கும்.